பிடித்தால் விடாதவள்

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கொன்றும் இல்லை, அவளுக்குத்தான் வீட்டில் பதில் சொல்லி மாளாது. "ஒன்னயப் பத்தி எவளோ எழுதிருக்காளாம்ல" என்று ஒருவர் ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் 'அவள்' என்றே இருக்கட்டும். எங்கள் அணியிலும் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. உடும்பு என்போம். அவளும் முகம் சுளிக்காமல் "என்னக்கா?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

ரக்பி செவன்ஸ் என்றால் மதுரையில் இன்றைக்கும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நான் ஆனையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெற்றோர் கூட்டத்தில் ரக்பி என்று வாயெடுத்தால், "அமெரிக்காக்காரன் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வெளாடுவானே, அதா மிஸ்?" என்று கேட்கிறார்கள். அது இல்லை. இதில் ஹெல்மெட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பக்கத்துக்கு ஏழு பேர், பெரிய மைதானம், பாதிக்கு ஏழு நிமிடம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் பின்னால் வருபவளுக்குத்தான் எறியலாம். எதிராளி பந்தோடு வந்தால் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கலாம். சாய்த்த உடனே விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் அவளுக்கு ரொம்ப நாள் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அவள் கபடியிலிருந்து வந்தவள். ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் படித்த கல்லூரியில் கபடி அணிக்கு ஆள் நிறைய இருந்தது, ரக்பிக்கு இல்லை. கோச் ஒருநாள் கபடித் தரையோரம் நின்று பார்த்துவிட்டு, ஏறிவந்தவளின் கணுக்காலை அவள் பிடித்த பிடியைக் கண்டு வாயைப் பிளந்தார். நேராக மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் நாளே என்னைப் பந்தோடு ஓடச் சொன்னார்கள். ஓடினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது புழுதியின் ருசி. அவள் என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு கிடந்தாள். கோச் விசில் ஊதினார். அவள் விடவில்லை. மறுபடி ஊதினார். அப்போதும் விடவில்லை.

"விடும்மா! புடிச்சாச்சுல்ல, விடு!"

"நடுக்கோட்டத் தொட்டுட்டா என்னா சார் பண்றது?"

"இங்க நடுக்கோடே கெடையாதும்மா. சாச்சா விடணும். இல்லேன்னா பெனால்டி."

அவள் எழுந்து உட்கார்ந்து, உண்மையிலேயே புரியாமல், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "விடுறதுக்கு எதுக்குக்கா புடிக்கணும்?"

அன்று நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அவளுக்கென்று கோச் ஒரு பயிற்சி வைத்தார். சாய்த்ததும் கையை எடுத்து, இரண்டு உள்ளங்கையையும் நடுவருக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். விட்டுவிட்டேன் என்று அர்த்தம். பாவம், நாள்தோறும் அதையே செய்தாள். பிடிப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, விடுவதுதான் வேலை. ஆட்டத்தில் பக்கத்தில் நின்று "விடு! விடு!" என்று கத்துவது என் பொறுப்பு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு, வீட்டில் அம்மா மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்த நாட்கள் உண்டு. மூன்று தடவையாவது கத்தினால்தான் அந்தக் கை தளரும்.

மைதானத்தில் மட்டும் இல்லை. மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ்ஸில் நாங்கள் வந்துகொண்டிருந்த ஒரு நாள், கூட்டத்தில் ஒருவன் அவள் இடுப்பில் கையை வைத்தான். நான் என்றால் சத்தம் போட்டிருப்பேன், செருப்பைக் கழற்றியிருப்பேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள், அவ்வளவுதான். ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி நின்றாள். அவன் முதலில் முறைத்தான், பிறகு இழுத்துப் பார்த்தான், பிறகு நெற்றியில் வியர்வை கட்டியது. "எறங்குற எடம் வந்துருச்சும்மா, விட்டுரும்மா" என்றான். அவனுடைய நிறுத்தம் போய்விட்டது. கண்டக்டர் வந்து, "எங்கய்யா போற, டிக்கெட் முடிஞ்சுபோச்சே" என்று கேட்டார். "என்கூடத்தான் வாராருண்ணே" என்றாள் அவள். ஒத்தக்கடை வந்ததும் கையை விட்டுவிட்டு இறங்கினாள். அவன் மணிக்கட்டில் அவள் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. நான் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சொன்ன சொல்லும் அப்படித்தான். "நாளைக்கு வாரேன்" என்றால் வருவாள். பஸ் ஓடாத நாளில் மாட்டுத்தாவணியிலிருந்து நடந்தே பயிற்சிக்கு வந்திருக்கிறாள். மழை கொட்டுகிறது, கோச்சே வரவில்லை, இவள் மட்டும் மைதானத்தின் நடுவில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "வாரேன்னு சொல்லிட்டேன்லக்கா" என்பாள். இதைக் கேட்டு நான் மெச்சிக்கொண்டேன். மெச்சுகிற விஷயமில்லை அது என்று இப்போது தோன்றுகிறது.

அவளுடைய இடம் கடைசி இடம். செவன்ஸில் ஆறு பேர் வரிசையாக நின்று மறிப்பார்கள், ஒருத்தி மட்டும் பின்னால் தனியாக நிற்பாள். வரிசையை எவளாவது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டால் அவளைப் பிடிக்க அந்த ஒருத்திதான். அவளும் தவறவிட்டால் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிடுவார்கள், எதிரணிக்குப் புள்ளி. மாநிலப் போட்டியிலும் தேசியப் போட்டியிலும் அவளைத் தாண்டிப் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இந்திய அணித் தேர்வு முகாமுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவளைப் பார்த்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று எங்கள் கல்லூரியில் பேசிக்கொண்டார்கள், இருக்கலாம். கடைசியில் இரண்டு பேருமே தேர்வானோம். வெளிநாட்டில் செவன்ஸ், பல நாட்டு அணிகள் வருகிற போட்டி. பட்டியலைப் படித்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். வலித்தது. நான் அன்று விடு என்று சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்குப் போய்வர ஒரு வாரம் விட்டார்கள். மதுரையிலிருந்து இருவரும் ரயிலில் சென்னை போய், அங்கே அணியோடு சேர்ந்து விமானம் ஏற வேண்டும். ரயிலுக்கு முந்தின நாள் அவளுக்குப் போன் போட்டேன். அவள் அப்பா எடுத்தார். "திருவிழா முடியவும் அனுப்பி விடுறோம்த்தா" என்று வைத்துவிட்டார். விடிந்ததும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஊர் அது. இறங்கியதும் ஊர் முகப்பில் பெரிய பிளெக்ஸ் போர்டு. நடுவில் அம்மன். இடது ஓரத்தில் முகாம் பனியனோடு அவள். வலது பக்கம், அவளைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், வெள்ளைச் சட்டையும் முறுக்கிய மீசையுமாகக் கும்பிட்டபடி அவள் பெரியப்பா. 'அயல்நாட்டு மண்ணில் வெற்றிக்கொடி நாட்ட இருக்கும் எங்கள் குலவிளக்கே வருக!' அவள் கையில் இருந்த பந்து முழு உருண்டையாக இருந்தது. எங்கள் பந்து நீள்உருண்டை. எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

பெரியப்பாவே கோயில் வாசலில் என்னை எதிர்கொண்டார். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"வாத்தா, வா. நீயும் வெளிநாட்டுக்குப் போற புள்ளதான? போர்டப் பாத்தியா? படத்துல பந்து நசுங்கிப்போயிக் கெடந்துச்சு. நாந்தான் சொல்லி உருண்டையாக்குனேன்."

"பாத்தேங்கய்யா. இன்னைக்கு ரயிலு. அவளக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இன்னைக்கா? அது எப்புடித்தா? காப்புக் கட்டியாச்சே."

காப்பு என்பது மஞ்சள் கோத்த நூல். திருவிழாவுக்குக் கட்டினால், முளைப்பாரி கரைத்து முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அவள் திருவிழாவுக்குத் தலையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றுதான் ஊருக்குப் போனாள். கூட்டத்தில் பெரியப்பா "கைய நீட்டுத்தா" என்றிருக்கிறார். நீட்டியிருக்கிறாள்.

"அய்யா, இங்க முளைப்பாரி அன்னைக்கு அங்க மேட்ச்சு நடந்துக்கிட்டு இருக்கும்."

"அதான் செலக்சன் ஆயிருச்சுல்ல?" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி. "இனிமே அத எவன் புடுங்கப் போறான்? முளைப்பாரி அன்னைக்கு மேடை போட்டு, ஊரே பாக்கப் புள்ளைக்குச் சால்வை போத்தப் போறோம். பெரிய பெரிய ஆளுகல்லாம் வாராக. அவளே இல்லாம சால்வைய யாருக்குப் போத்துறது? வெளாடுறதுக்கு அடுத்த வருசம் போகட்டுமே."

அந்த முகத்தில் பெருமையைத் தவிர வேறு எதுவும் இல்லை. வஞ்சகம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பெருமையோடு எப்படிச் சண்டை போடுவது? தேர்வாவதுதான் விஷயம், விளையாடுவது அதற்குப் பிறகு வருகிற ஒரு சம்பிரதாயம் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். விமானம் காத்திருக்காது என்றேன். "நாங்க வேணா பேசிப் பாக்குறோம், நம்பரக் குடு" என்றார்.

அப்போதுதான் அவள் தம்பி தோளில் பையோடு வந்தான். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் கையிலும் காப்பு இருந்தது. கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்களாம், அன்றே போயாக வேண்டுமாம். பூசாரி எதுவும் யோசிக்கவில்லை. சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டு, "ஆத்தா, புள்ள பொழைக்கப் போறான், பொறுத்துக்க" என்று சொல்லி நூலை அறுத்துவிட்டார். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவன் திருநீறு பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

நான் பக்கத்தில் நின்ற அவள் அப்பாவிடம் திரும்பினேன். "அப்ப இவளுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் சுத்துங்கய்யா. ஆத்தா விட்டுரும்ல?"

அவர் அதிர்ந்துகூடப் பேசவில்லை. "அவன் பொழப்புக்குப் போறான்த்தா. இது வெளாட்டு" என்றார்.

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ பேசியிருக்கிறார்கள். கால் தெரிய அரைக்கால் சட்டை போட்டு ஓடியதற்குத் தெருவே பேசியிருக்கிறது. எதுவும் ஒட்டவில்லை. 'இது வெளாட்டு' என்ற இந்த இரண்டு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது.

அவள் முளைப்பாரிச் சட்டிகள் வைத்திருந்த கொட்டகைக்குள் இருந்தாள். பயறு முளை விட்டு வெளிறிய பச்சையில் நின்றது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை.

"கைய நீட்டும்போது யோசிக்கலையாடி?"

"பெரியப்பா கூப்புட்டாருக்கா. அம்புட்டுப் பேரு நின்னாக. நீட்டிட்டேன்."

"இப்ப அவுத்துட்டு வா. ஒன் தம்பி அவுத்தான்ல? பூசாரிக்கிட்ட நான் கேக்குறேன்."

"அவென் கபடியிலயும் அப்புடித்தான்க்கா. புடிப்பான், விட்டுருவான்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எனக்கு அது வராது. கட்டுனது கட்டுனதுதான். இத விட்டுட்டு வந்து அங்க நான் யாரப் புடிக்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். மலை மாதிரி நின்றாள். எவளையும் சாய்க்கிறவளைச் சாய்க்க எனக்கு எங்கே பலம்? "விடுடி, விட்டுத் தொலைடி" என்று மைதானத்தில் கத்துகிற மாதிரியே கத்தினேன். மூன்று தடவைக்கு மேல் கத்தினேன். முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்க வந்த பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். "அங்க மேட்ச்சு நடக்கயில நமக்கு மணி என்னாக்கா?"

ஊர் முகப்பு வரைக்கும் கூடவே வந்தாள். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பஸ் திரும்புகிறபோது பார்த்தேன், தன் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

போட்டியைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. மைதானம் பாய் விரித்த மாதிரி பச்சையாக இருந்தது, எங்கள் ஒத்தக்கடைப் புழுதியை நினைத்துக்கொண்டேன். அவளுக்குப் பதிலாக வடக்கிலிருந்து ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். நல்ல பெண், நன்றாக ஓடுவாள். இரண்டாம் நாள், ஜெயித்தால் அடுத்த சுற்று என்கிற ஆட்டத்தில், கடைசி நிமிடம்வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். எதிரணியில் ஒரு குட்டைப் பெண் எங்கள் வரிசையின் இடது பக்கம் புகுந்து வெளியே வந்துவிட்டாள். கடைசியில் நின்ற பெண் பாய்ந்தாள், காற்றைப் பிடித்தாள். அவ்வளவுதான். அன்று மாலை பெட்டி கட்டினோம். அதே நாளில்தான் இங்கே மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த வருடம் போகலாம் என்றார் அல்லவா பெரியப்பா. அடுத்த வருடம் என்று ஒன்று வரவே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவள் என்று முகாமில் அவள் பெயருக்கு நேரே எழுதிவிட்டார்கள். சொல்லாமல் நின்றவள்! சொன்ன சொல்லுக்காக மழையில் நின்றவளை! நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். காப்பு என்றால் என்ன என்று அந்த அதிகாரிக்கு விளக்கவே பாதி நேரம் போய்விட்டது. "ஒரு நூல் கயிற்றுக்காகவா?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று.

பிறகு பல வருடம் பார்க்கவில்லை. இந்த வருடம் பள்ளி விழாவுக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மல்லிகை மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். தோளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புருஷனுக்குப் பூந்தோட்டமாம். காலையில் இரண்டு பேருமாகப் பூ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்களாம்.

"நல்லாருக்கியாடி?"

"எனக்கென்னக்கா. ராசாத்தி மாரி இருக்கேன்." மூட்டையை இறக்கி வைத்தாள். "இந்த வருசத் திருழாவுக்கும் அதே படத்தப் போட்டுருக்காகக்கா. இந்திய வீராங்கனைன்னு. பந்து இன்னும் உருண்டையாத்தான் இருக்கு."

சிரித்தோம். பிறகு அவள் தரையில் சிந்திய பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்குப் பாத்தேன்க்கா. மேடைக்குக் கூப்புடுறதுக்கு முன்னால. மைக்செட்டுக்குப் பின்னாடி நின்னு போன்ல. அந்தக் குட்டப் புள்ள எடப்பக்கமா உள்ள வந்துச்சுல்ல? வலது கால ஊண்டிட்டுத்தான் திரும்புச்சு. அந்தக் காலுதான். அதத்தான் புடிக்கணும்."

இத்தனை வருடம் கழித்து, எந்தக் கால் என்று சொல்கிறாள். எனக்கு மறந்துபோன காலை அவள் வைத்திருக்கிறாள்.

"நான் நின்னுருந்தா புடிச்சிருப்பேன்லக்கா?"

"புடிச்சிருப்ப" என்றேன்.

"புடிச்சு, விடாம கெடந்து, பெனால்டி குடுத்துத் தோத்துருப்போம். விடுக்கா." இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு அந்தப் பெரியப்பாவின் மீதும் அப்பாவின் மீதும், அறுத்த நூலை வீசிவிட்டு ஓடிய தம்பியின் மீதும் பழைய கோபம் அப்படியே வந்தது. அவள் மீதும் வந்தது. அந்தக் காலை விட மனமில்லாதவள் ஒரு நூலையாவது விட்டிருக்கக் கூடாதா?

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதே பிடி. எலும்பு வரைக்கும் போகிற அந்த வலி எனக்குப் பழக்கமானது. இப்படியே நிற்கட்டும், பஸ் போகட்டும், பள்ளி விழா எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இருந்தது.

மார்க்கெட் வாசலில் ஒரு மினி வேன் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தது. ஓட்டுகிற இடத்திலிருந்து அவள் புருஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் விடு என்று சொல்லவே இல்லை. அவளாகவே விட்டாள். விட்டுவிட்டு, நடுவருக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் எனக்குத் தூக்கிக் காட்டினாள்.